சம்மதப் படிவம்

படம் என்னுடையதில்லை.
எடுத்தது நான்தான்.

கச்சனம் தாண்டி, வாய்க்கால் மதகடி,
ஐப்பசி நடவு, மழை விட்ட கால்மணி நேரம்.
நாற்றுமுடியை வீசப்போனவள்
யாரோ ஏதோ சொன்னதற்குத் திரும்பிச் சிரித்தாள்.
நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு.

சென்னை ஏஜென்சி ஆயிரத்து எண்ணூறு கொடுத்தது.
நான் எழுதிக் கொடுத்தது:
உலகம் முழுதும், எக்காலத்துக்கும்,
இனி கண்டுபிடிக்கப்படும் வடிவங்கள் உட்பட.
எங்கள் பக்கத்துக் கிரயப் பத்திரம்கூட
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம் என்று
எட்டோடு நின்றுவிடும்.

மறுநாள் போன்: "ஆளோட சம்மதப் படிவம் எங்க?"
மாயவரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர்.
மழை வேறு பிடித்துக்கொண்டது.
ஸ்டாம்ப் பேடு மேசையிலேயே இருந்தது.

தை மாதம்
திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு எதிரே
இருபதடி உயரத்துக்கு அவள்.
'கடன் கிடைத்தது, கவலை போனது.'
ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஏஜென்சியின் பெயர்.
என் பெயர் இல்லை. அவள் பெயரும்.

முதலில் பார்த்தது அவளில்லை,
குழுக்கடன் வசூலுக்கு வாராவாரம் வரும் பையன்.
"போர்டுல சிரிக்கக் காசு வாங்கிட்டு
தவணைக்கு இல்லேங்கிறியா?"

மாசியில் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.
கம்பெனியில் கொடுத்த ஜெராக்ஸ், நாலாய் மடித்தது.
அதில் இருந்த என் கடை முத்திரையைப் பிடித்து
மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"தம்பி, இது யாரு ரேகை?"

நான் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன்.
எதற்கென்று தெரியவில்லை.

"நாத்துப் பறிச்சுப் பறிச்சு எனக்கு ரேகை ஏது?
ரேஷன் மெஷினுக்கு நாலு வெரல மாத்தி வைக்கணும்.
இது பாரு, பொங்கக் கோலமாட்டம் வரிவரியா."

அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள்.
குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அதோட, நான் கையெழுத்துப் போடறவ."

அறிவொளிக்காரர்கள் வந்த வருஷம்
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கற்றதாம்.
பில் போடும் பேனாவை அவளே எடுத்து
ஜெராக்ஸின் குறுக்கே, அவசரமில்லாமல்,
பக்கிரியம்மாள் என்று எழுதினாள்.
மூன்று புள்ளியையும் கடைசியில் வைத்தாள்.
பேருக்கு மேலே ஒரே சொல்: வேண்டாம்.

"இத அனுப்பு."

அனுப்பினேன். பதில் இங்கிலீஷில் வந்தது.
உரிமை எங்களுடையது.
படிவம் முறையாக உள்ளது.

முறையாக இல்லை என்று சொல்ல
ஒரு வரி போதும்.
எழுதியும் வைத்திருக்கிறேன், போனில்,
மூன்று நாளாக.
அனுப்புவதற்கும்
அதே கட்டைவிரலைத்தான்
வைக்க வேண்டியிருக்கிறது.