ஓரெழுத்து

கருங்கடல் ஓரம், சார்ப்பி.
ஊரை அறுத்துக்கொண்டு ஓடும் ஓடை
கணுக்கால் ஆழம்தான்.
இக்கரை சோவியத், அக்கரை துருக்கி.

அக்கரையைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது.
பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.
அதனால் நஸ்மியே
தேயிலைக் கூடையை இறக்கும்போதெல்லாம்
இருமுவதுபோல் ஓரெழுத்தை எறிவாள்:
தா.

லாஸ் மொழியில் அக்கா என்றாலும்
தங்கை என்றாலும் அவ்வளவுதான்.
அங்கே பெம்பே
சோளம் உதிர்ப்பதை ஒரு நொடி நிறுத்துவாள்.
பதில் அதுவே.

காவல் கோபுரத்தில் ரியாஸான் பையன்.
அவனுக்குத் தா என்றால் ஆமாம்.
யாருக்கு ஆமாம்? எதற்கு?
கேள்வி கேட்டவன் எங்கே ஒளிந்திருக்கிறான்?
புதர் புதராகப் பார்த்துவிட்டு
நோட்டில் நேரத்தைக் குறித்தான்.

எதிர்க் கோபுரத்துக் கெய்சேரிக்காரனுக்கு
அது சொல்லே இல்லை, வால்.
துருக்கியில் தா எதையாவது பிடித்துக்கொண்டுதான் வரும்,
அவனும், நானும் என்பதில் வரும் ‘உம்’மைப் போல.
முன்னால் இருந்த பெயரைக் காற்று தின்றிருக்கும்.
பெரிதாக வேலை ஒன்றும் இல்லை அவனுக்கு;
மாலைவரை அந்த ‘உம்’முக்கு ஆள் தேடினான்.
தன் பெயரைக்கூட ஒட்டிப் பார்த்தான்.

குத்தாயிசியிலிருந்து வந்த டீச்சர் மக்வாலா
வகுப்பு ஜன்னலைச் சாத்தினாள்.
ஜார்ஜிய மொழியில் தா சகோதரி,
‘மற்றும்’ என்பதும் தா.
ஒரே வேரா, இரண்டு வேர் வந்து முட்டிக்கொண்டதா,
அவளுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் சாத்தியிருப்பாள்.

ஆகஸ்டில் விசாரணை.
அதிகாரி ரஷ்ய மொழியில் கேட்டார்:
அக்கரையில் இருப்பது யார்?
அவள் உண்மையைச் சொன்னாள்:
தா.
அவர் எழுதிக்கொண்டார்:
ஒப்புக்கொள்கிறாள்.

கஸாக் புல்வெளியில் நான்கு குளிர்காலம்.

எண்பத்தெட்டில் கேட் திறந்தார்கள்.
பேருந்து, பேண்டு வாத்தியம், பூ.
பெம்பேவுக்கு இப்போது காது மந்தம்.
நஸ்மியே கூப்பிட்டாள்; கேட்கவில்லை.
இன்னொரு முறை.
பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள்,
ஆளுக்கொரு அர்த்தத்தோடு.

எனக்கு இந்தச் சொல்லில் உரிமை கிடையாது.
தமிழில் எழுதும்போது ஒலி சற்று இறுகுகிறது,
இறுகியதும் கை நீட்டிவிடுகிறது.
கீழே நிற்பவர் ஈ என்பார்,
மேலே நிற்பவர் கொடு என்பார்,
சமமாக நிற்பவர் கேட்பதுதான் தா
என்று எங்கள் பழைய இலக்கணம்.

நஸ்மியேவுக்கு அதெல்லாம் தெரியாது.
கூப்பிடுவதை விட்டுவிட்டு அவள் கையை நீட்ட,
பெம்பே
வலது கையிலிருந்த கொட்டைப் பையை
இடது கைக்கு மாற்றினாள்.