எழுத்தில் வேண்டும்

டூசான் நகரில் ஜூலை ஒன்பது.
மழை, மலைக்குப் பின்னால் நின்றுகொண்டு
வருவேன் வருவேன் என்று பேரம் பேசுகிற வாரம்.
கதவுக் கைப்பிடியைத் தொடுவதற்கு
ரொஹேலியோ எனக்கு ஒரு துணி கொடுத்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு டாலர் என்றார்,
வணக்கம் சொல்வதற்கும் முன்னால்.
ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்தது
கரண்ட் பில்,
தேடப்படும் குற்றவாளியின் படம்போல.
குற்றவாளி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

நெல்டாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை.
பகல் முழுக்க, மேற்குப் பார்த்த பின்னறையில்
ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுப்பார்.
எழுந்து வந்து ஏசியை எழுபத்திரண்டில் வைப்பார்.
ரொஹேலியோ எண்பதுக்கு ஏற்றுவார்.
சுவர்ப்பெட்டியில் அம்புக்குறிகள் இரண்டும் தேய்ந்து
எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை.

"அந்த ரூம் சுடுது."
"சுடறது ரூம் இல்ல, உன் வயசு."
பதினோரு கோடைகளாக இதே இரண்டு வரி.

வாசலில் சிவப்புத் திரையை இறுக்கிக் கட்டி
நடுவே விசிறியைப் பொருத்தினேன்.
ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன்.
விசிறி வீட்டின் மூச்சை வெளியே இழுக்க இழுக்க
வீடு திருட்டுத்தனமாய் மூச்சு வாங்கும் இடமெல்லாம்
புகைக்குச்சி காட்டிக்கொடுத்தது:
பிளக் துளைகளில்,
சிங்க்குக்கு அடியில் குழாய் நுழையும் சந்தில்,
பரண் மூடியின் நாலு ஓரத்திலும்.
எல்லாம் கூட்டினால், சாத்தவே முடியாத ஒரு ஜன்னல்,
இவ்வளவு அகலம் என்று கை விரித்தேன்.
ரொஹேலியோ என் கைகளுக்கு நடுவே பார்த்தார்,
அதன் வழியே தெரு தெரிவதுபோல.

விசிறியை நிறுத்தி, ஏசியை ஓடவிட்டு,
பின்னறையில் நாற்காலி மேல் ஏறி
காற்று வரும் சல்லடைக்கு நேராக
ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தேன்.
தாள் அசையவில்லை.
நெல்டா கட்டிலில் உட்கார்ந்து
தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரணில் நூற்று நாற்பத்தாறு டிகிரி.
பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது, கம்பெனி விதி.
முழங்காலால் ஊர்ந்து
ஆறாவது நிமிடத்தில் கண்டேன்:
கட்டியிருந்த பட்டை அறுந்து
வெள்ளிக் குழாய் ஒன்று வாயைப் பிளந்து கிடக்கிறது.
குளுகுளுவென்று கொட்டுகிறது காற்று.
எதிரே கூடு கட்டியிருந்தது ஓர் எலி,
கள்ளி முள், பாட்டில் மூடி, ஒற்றைச் சாக்ஸ் என்று
சாமான் செட்டோடு குடித்தனம்.
விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள்.
இங்கே விழலும் இல்லை.

குழாயை அதன் இடத்தில் திணித்து
புதுப் பட்டை இறுக்கி
சாம்பல் நிறப் பசையைக் கையாலேயே அப்பினேன்.
கீழே இறங்கி வந்தபோது
சல்லடைக்கு நேர் கீழே நின்றிருந்தார் நெல்டா.
முன்நெற்றி முடி பறந்தது.
ஒதுக்கிவிடவில்லை.

"எவ்வளவு நாளா அப்படிக் கிடந்தது?"
"பட்டை மக்கி உதிருது. பல வருஷம் இருக்கும்."
"எழுதித் தருவீங்களா?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
கசிவின் பரப்பு உண்டு, பரண் பஞ்சின் தடிமன் உண்டு,
செய்யவேண்டிய வேலை, மிச்சமாகும் பணம்.
கடைசியில் 'குறிப்பு' என்று இரண்டு கோடு.
முதல் கோட்டில் எழுதினேன்:
பின்னறை சூடாகத்தான் இருந்தது.
தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.
நெல்டா பில்லை எடுத்துவிட்டு
அதே காந்தத்தால் இதை மாட்டினார்.

வெளியே, மேற்கு ஜன்னலுக்கு நிழல்வலை அடிக்க
ரொஹேலியோ அளவெடுத்துக்கொண்டிருந்தார்.
"அறுபதுக்கு நாற்பத்தெட்டு!
நெல்டா, குறிச்சுக்க!"
உள்ளேயிருந்து பதில் இல்லை.
அளவு நாடா சரசரவென்று சுருண்டது,
மறுபடி நீண்டது.
"நாற்பத்தெட்டேகால்" என்றார்,
இந்தத் தடவை மெதுவாக.