ஐந்தாம் எண் சாலை

இகீகேயில் பேருந்தைத் தவறவிட்டேன்.
இருபத்தெட்டு டன் உப்போடு
தெற்கே போகிற லாரியில்
எலெயுத்தேரியோ இடம் கொடுத்தார்.
இருக்கையில் கிடந்த கோழிச்சோற்றுப் பொட்டலத்தை எடுத்து
மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.
கேட்கும்போது கரண்டியோடு நீட்ட வேண்டும்,
அதுதான் கட்டணம்.

முதல் நாள் முழுக்க
ஒன்றுமே இல்லாததன் நடுவே போனோம்.
பாலை என்று நோட்டில் எழுதப் போய் நிறுத்தினேன்.
என் மொழியின் பாலையில்
கள்ளியாவது நிற்கும்.
காய்ந்த ஓமையில் பருந்து கூப்பிடும்.
இங்கே ஈகூட இல்லை.
வறுத்து இறக்கிவைத்த ரவையின் நிறத்தில்
மலைகள், மலைகள்.

விடியலில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது.
கமன்சாக்கா என்றார்.
நனைக்கும், பெய்யாது;
கடன் கேட்டால் நாளைக்கு என்கிற மச்சான் மாதிரி.
அவர் சொன்னது ஸ்பானியத்தில்.
எனக்குக் கேட்டது தமிழில்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.
நிறுத்துகிற இடமெல்லாம்
ஒரு வாளி, பழைய செய்தித்தாள், சின்ன ஏணி.
கோப்பியாப்போவில் தாளோடு வந்தது
இருமல் வரவைக்கும் மாவு.
லா செரேனாவில் கடற்காற்றின் உப்பு;
விரலால் தொட்டு நாக்கில் வைத்து
நம் சரக்கு இதைவிட மேல் என்றார்.
தல்காவில் திராட்சை அறுவடை.
கண்ணாடி முழுக்கக் குளவிகள், வண்டுகள்,
பேர் தெரியாத ஒரு பச்சை இறகு.
அதை மட்டும் அவர் துடைக்கவில்லை.
தெமுகோவில் மழை வந்து துடைத்தது.

ஒசோர்னோ எரிமலையைப் பார்க்கத்தான்
இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.
அங்கே இருக்கிறது என்று கை காட்டினார்.
காட்டிய இடத்தில் மேகம்.
அதன் கீழே ஏரி, ஏரிக்கரையில் மாடுகள்,
நனைந்து நனைந்து
பச்சை என்ற நிறமே கனத்துப்போன புல்.
ஒரு மாடு தலையைத் தூக்கி
மேகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.
அதற்குத் தெரியும்போல.

புவெர்த்தோ மோன்ட்டில்
தார்ப்பாய்க்கு அடியில் உப்பு இறங்கியது.
மீன் கொட்டகையின் ஹோவிதா
மூட்டை ஈரம் என்று சண்டை பிடித்தாள்.
அவர் பதில் பேசாமல்
லாரியின் கூரையில் ஏறி
ஆறு காலி போத்தல்களை நிறுத்தி
வாயில் புனல் செருகிக்கொண்டிருந்தார்.

பக்கத்திலேயே குழாய் இருக்கிறதே என்றேன்.

சான்யரால் தாண்டி ஒரு வளைவு, என்றார்.
நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.
என் தம்பி நெமேசியோ அங்கேதான் போனான்.
தகரக்கூரை போட்டு ஒரு குட்டி வீடு வைத்திருக்கிறேன்.
போகிற வருகிற டிரைவர்கள்
தாகம் எடுக்கும் என்று கடைத்தண்ணீர் வைக்கிறார்கள்.
நல்லவர்கள்தான்.
ஆனால் இகீகேக்காரன், பத்தொன்பது வயது.
மழையைப் பார்த்ததே இல்லை.

புனல்களில் சொட்டுகிற சத்தம்
ஆறு ஸ்தாயியில் கேட்டது.

திரும்ப விமானச் சீட்டு இருந்தது என்னிடம்.
ரத்து செய்தால் பாதிப்பணம் போகும் என்றார்கள்.
போகட்டும்.

மூன்றாம் நாள் மடியில் கோழிச்சோறு இல்லை,
ஆறு போத்தல் மழை.
பிரேக் போடும்போதெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டது.
வளைவுக்கு வெகுமுன்பே விழித்திருந்தேன்.

நாய் நுழைகிற அளவு வீடு.
வாசலில் வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் பூ,
ஒரு கால்பந்துச் சட்டை.
அவர் போத்தலைத் திறந்து
தகரத்தின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக,
சத்தம் கேட்கும்படி, ஊற்றினார்.
ஆறும் முடிகிறவரை
இரண்டு பேரும் பேசவில்லை.

மண்ணில் ஈரம் முப்பது நொடி இருந்திருக்கும்.

ஏறி உட்கார்ந்து
ஹாரனை இரண்டு முறை அடித்தார்.
கண்ணாடியில் மறுபடி மாவு.