யீ உணவகத்துக்கு ஒரு கூரை

கூரை ஏறினால்தான் எனக்குச் சோறு.
வானம் ஏறி வைகுண்டம் காட்டும் வேலையெல்லாம்
எடுப்பதில்லை என்று
முதலிலேயே சொல்லிவிட்டேன் அவுரேலியோ யீயிடம்.
சமையற்கட்டில் ஐந்து டிகிரி குறைத்துத் தருவேன்.
தெய்வம் கண் திறந்தால் ஆறு.

மெஹிகாலியில் ஜூலை.
காலை பத்துக்கே
ஏணிக் கம்பியைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும்.
மேலே, அவர் அப்பா போட்ட கறுப்புத் தார்விரிப்பு
அப்பளம் மாதிரிக் கொப்புளித்துக் கிடந்தது.
வெப்பமானியை நீட்டினேன்: அறுபத்தாறு.
மதியம் எண்பதைத் தொடும்.
கால் எடுத்தால்
காலணி கொஞ்சம் தாமதமாக வந்தது.

"என் வாணலிக்குக் கீழே ஓர் அடுப்பு,
மேலே ஓர் அடுப்பு" என்றார் யீ. சிரிக்கவில்லை.
கடல் தாண்டி வந்த அவர் குடும்பத்து முதல் ஆள்
இந்த வெயிலுக்குப் பயந்து
நிலவறை தோண்டி அங்கேயே தூங்கி
அங்கேயே கணக்கெழுதினாராம்.
"கீழே போக எங்களுக்குத் தெரியும், தோனியா எதுவிகெஸ்.
மேலே என்ன செய்வதென்றுதான் தெரியாது."

மாதிரித் துண்டுகளை மேசையில் பரப்பினேன்.
செங்கல் நிறப் பூச்சு: ஊரே அதைத்தான் பூசுகிறது.
மலிவு. சூடு குறையாது.
ரப்பர் விரிப்பு நல்ல பிள்ளை,
ஆனால் உங்கள் புகைபோக்கி துப்புவது வாத்துக் கொழுப்பு;
எண்ணெய் குடித்தால் ரப்பர் ஊதிப்போகும்.
நுரை தெளிக்கலாம், ரொட்டியாய் எழும்பும்,
ரொட்டி என்றே நினைத்துப் புறா கொத்தும்.
சரளை கொட்டினால்
உங்கள் உத்தரம் என்னைச் சபிக்கும்.

மிச்சம் இருந்தது வெள்ளை பி.வி.சி.
கொழுப்புக்கு அசையாது.
விலை சொன்னேன்.
ஆறிப்போன தேநீரை மூன்று முறை ஊதினார் யீ.

மட்டக்கூரை என்பது பெயருக்குத்தான்.
உண்மையிலேயே மட்டமானால்
வருடத்துக்கு இரண்டே மழை பெய்யும் ஊரிலும்
அந்த இரண்டும் உள்ளே வரும்.
நூற்றுக்கு இரண்டு சரிவு வைத்தோம்.
விடிவதற்கு முன் மூன்று மணிக்கு
நிக்கானோரும் அவன் மச்சானும்
நெற்றியில் விளக்கு கட்டி
ஓரத்தோடு ஓரம் சூட்டுக்காற்றால் ஒட்டினார்கள்.
எட்டடித்தால் இறங்கிவிடுவோம்.
ஐந்தாம் நாள் மதியம் கூரையில் ஐம்பத்திரண்டு.
அடுப்படியில் குறைந்தது நாலரை.
மீதி அரையை யீ கேட்கவில்லை.

கேட்டவள் ஹெர்லிண்டா காசாரேஸ்.
எதிர்க்கட்டடம், இரண்டாம் மாடி,
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
ஜன்னலில் ஒட்டிய அலுமினியத் தாள் போக
மிச்சச் சுருளைக் கையில் பிடித்தபடி
உணவகத்துக்குள் வந்தாள்.
"பகல்தான் எனக்கு இரவு.
நீங்கள் துரத்தின சூரியன்
என் கட்டிலில் வந்து படுத்திருக்கிறான்."

அவள் அறைக்கு ஏறிப்போனேன்.
பதினேழு வருடத்தில்
என் கூரை ஒன்றை எதிரிலிருந்து பார்த்தது அன்றுதான்.
கண் கூசியது.
வெப்பம் அகற்றப்பட்டது என்று
எத்தனை ரசீதில் எழுதியிருக்கிறேன்.
எங்கே என்று எழுத
ரசீதில் கட்டம் இல்லை.

அந்தப் பக்கம் எட்டு மீட்டருக்கு
மணல் நிற விரிப்பு போடலாம் என்றேன்.
கீழே கிடங்குதான்; அரிசி மூட்டைகள் கொஞ்சம் வேர்க்கட்டும்.
யார் காசு என்றார் யீ.
என் காசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஒரு வாரம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
ஹெர்லிண்டா கண்ணில் துண்டு கட்டித் தூங்கினாள்.

ஆகஸ்டில் புழுதிப்புயல்.
இரண்டு மணி நேரத்தில் முழுக் கூரையும்
மணல் நிறம், கூலியில்லாமல்.
கழுவினால்தான் வெள்ளை வெள்ளையாக வேலை செய்யும்;
நிக்கானோர் குழாயோடு ஏறினான்.
அடுப்படிக்கு மேலே தேய்த்துக்கொண்டே வந்தவன்
கிடங்குக்கு மேல் நின்று
கீழே என்னைப் பார்த்தான்.
நான் யீயைப் பார்த்தேன்.
யீ வாத்துகளைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில்
என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
கிழக்கு ஓரம், எட்டு மீட்டர்.
கழுவக் கூடாது.