எறும்பளவு

ரொட்டி வண்டியில் கியருக்குப் பக்கத்தில்
ஒரு கணக்கு நோட்டு.
முன்பக்கம்: யார் வீட்டுக் கதவுப் பையில்
எத்தனை ரொட்டி போட்டேன் என்பது.
பின்பக்கம்: எடுக்க முடியாமல் போன படங்கள்.

மார்ச் 9. வெளிச்சம் போய்விட்டது.
லென்ஸ் மேல் பழியில்லை, கடைசித் தெருவில் அரட்டை.
மார்ச் 22. ஈரப் பாறை பளபளத்து
பாதிப் படம் வெள்ளை.
ஏப்ரல் 4. டொரிண்டா வெளிப்பாறையில். எறும்பளவு.
ஏப்ரல் 19. எறும்பளவு.
மே 3. அதே.

ஒரே குறை மூன்று முறை வந்தால்தான்
காசைப் பற்றி யோசிக்கலாம்.
இது நானே எனக்குப் போட்ட சட்டம்.
அதற்கு முன்பு வருவதெல்லாம்
கடை ஜன்னலைப் பார்த்து வரும் பசி.

முந்நூறு மில்லிமீட்டர்,
எழுநூற்று நாற்பது யூரோ.
ஒரு ரொட்டியில் எனக்கு நிற்பது எட்டு சென்ட்.
ஒன்பதாயிரத்து இருநூற்றைம்பது ரொட்டி
என்று நோட்டின் ஓரத்தில் எழுதி
அடிக்கோடிட்டேன்.
அடிக்கோட்டால் விலை குறையவில்லை.

முதலில் காசில்லாத வழி:
ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நானே இறங்கிப் போனேன்.
கடல் உள்வாங்கிய நாள்,
இடுப்பில் கயிறு, கையில் சுரண்டும் இரும்பு,
பாறை இடுக்கில் கொத்துக்கொத்தாய் பெர்செபெஸ்.
"இடது பக்கம்தான் நான் அழகு" என்றாள் டொரிண்டா.
பதினொரு படம்.
பதினொன்றிலும் பல்.

கொருன்யாவில் எலாடியோ
கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
லென்ஸை என் கையில் வைத்தான்.
"சனி ஞாயிறு வைத்திரு, முன்பணம் ஐம்பது.
திங்கட்கிழமை நீயே வந்து வாங்குவாய்."
பழைய பூனைக்குட்டி வியாபாரம்.

ஞாயிறு, மேட்டுப் புல்லில் குப்புறப் படுத்து
முந்நூறு வரைக்கும் திருகினேன்.
அலை பின்வாங்கிய ஆறேழு நொடி.
கை சுரண்டுகிறது,
தலை மட்டும் திரும்புகிறது, கடல் பக்கம்.
வாய் கொஞ்சம் திறந்து,
யாரோ தன் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டது போல
அந்த முகம்.
பத்தடி தூரத்தில் நின்றபோது
எனக்குக் காட்டாத முகம்.
நான் அழுத்திவிட்டேன்.
அழுத்திய பிறகுதான்
அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தது போல் இருந்தது.

காபிக் கடையில் காட்டினேன்.
ஈரக் கட்டை விரலால் திரையைத் துடைத்தாள்,
மறுபடி துடைத்தாள்.
"பையன் பார்க்கக் கூடாது.
பயம் இல்லாத வேலை என்று சொல்லித்தான்
அவனைப் படிக்க அனுப்பினேன்."
அழிக்கட்டுமா?
சர்க்கரைப் பொட்டலத்தை உதறிக்கொண்டே இருந்தாள்.
"பென்ஷனுக்கு நாலு வருஷம்.
அப்புறம் சுவர் அளவுக்கு அடி."

நாலு வருஷம்!
அதற்குள் இதே லென்ஸ்
யாரோ சலித்து விற்ற இரண்டாம் கைச் சரக்காக
பாதி விலைக்கு வரும்.
எழுநூற்று நாற்பதை
என்னிடமிருந்து காப்பாற்றியவள்
தன் காபிக்குத் தானே காசு வைத்துவிட்டுப் போனாள்.

திங்கள், லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.
"அடுத்த மாதம் விலை ஏறும்" என்றான் எலாடியோ.
அவன் தொழில், அவன் சொல்லத்தான் வேண்டும்.
போலரைசர் ஃபில்டர் ஒன்று கேட்டேன்,
அறுபத்தேழு மில்லிமீட்டர்.
மார்ச் 22க்குப் பிறகு பளபளப்பு
இரண்டு முறை வந்தது, எழுத விட்டிருந்தேன்;
சட்டம் மீறவில்லை.
நாற்பத்தொரு யூரோ.
கடை வாசலிலேயே மாட்டி வளையத்தைத் திருகினேன்:
எதிர்க் கண்ணாடியில் என் வண்டியின் நிழலுரு
மெல்ல அழிந்து
உள்ளே செருப்புகள் தெரிந்தன.
இதைப் பிறகு கணினியில் உட்கார்ந்து
எந்தக் கெட்டிக்காரனாலும் செய்ய முடியாது.

முன்பணம் ஐம்பதில் ஒன்பது மிச்சம்.
டீசல் போட்டேன்.

ஜூன் 7. கடல் வடிந்திருந்தது.
பாறை கறுப்பு, சரியான கறுப்பு.
பாசி பச்சை.
டொரிண்டா, எறும்பளவு.