நான்கும் முப்பத்தொன்றும்

ஆல்பாவில் ஒரு பள்ளி விளையாட்டுக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
வெள்ளை விரிப்பு, ஐந்து நாற்காலி,
காகித உறைக்குள் முகம் மறைத்த புட்டிகள்.
ஒர்சோலா கோப்பைக்குள் மூக்கை விடுகிறாள்.

நான்காம் எண்.
செங்கல் நிறத்தில் விளிம்பு. வாடின ரோஜா. கொஞ்சம் தார்.
துவர்ப்பு, கடுக்காயாய் ஈறைப் பிடித்துக்கொண்டது.
'சிடுமூஞ்சி' என்று எழுதி
எண்பத்திரண்டு போட்டாள்.
துப்பினாள்.

பதினொன்றில் கார்க்கின் பூஞ்சை நாற்றம்.
இருபதில் யாரோ இருமினார்கள்.
பிறகு ரொட்டிக்குச்சி, தண்ணீர்.
புழுங்குகிறதென்று எலியோ ஜன்னலைத் திறந்தான்;
லாங்கே குன்றுகளில் அப்போதுதான் தூறல் பிடித்திருந்தது.
காலையிலிருந்து கடித்த காலணியை
மேசைக்கடியில் கழற்றிவிட்டாள்.

முப்பத்தொன்று.
ரோஜா, இப்போதுதான் பறித்தது.
துவர்ப்பு, கதவைத் தட்டிவிட்டு
உள்ளே வந்து உட்கார்ந்த விருந்தாளி.
தொண்ணூற்றொன்று.
விதியை மீறி ஒரு மிடறு விழுங்கவும் செய்தாள்.

மாலையில் உறைகளைக் கழற்றினார்கள்.
நான்கும் முப்பத்தொன்றும் ஒரே நெப்பியோலோ,
ஒரே புட்டி; உறைதான் இரண்டு.
தராசைத் தராசில் வைத்திருக்கிறார்கள்!

தலைவர் பெர்த்தோல்டி கண்ணாடியைத் துடைத்தபடி
"ஒன்பது புள்ளி வித்தியாசம், சிக்னோரா.
எது பிசகு?" என்றார்.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நிறத்துக்குக் கட்டம் இருந்தது, மணத்துக்கு இருந்தது,
நாவில் எத்தனை நொடி நிற்கிறது என்பதற்குக்கூட.
தூறலுக்கு இல்லை.
காலணிக்கு இல்லை.

"இரண்டுமே சரிதான்" என்று
நிமிர்ந்து, தீர்ப்பு சொல்லும் குரலில் ஆரம்பித்தாள்.
எலியோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை:
பல்லெல்லாம் ஊதா.