பூஜ்யத்திலிருந்து ஆறு வரை

கெமி மருத்துவமனை, இரண்டாம் மாடி.
நர்ஸ் ஹில்கா படிவத்தைப் பார்த்துக் கேட்கிறார்:
ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை
உங்கள் மகனுக்கு எத்தனை நண்பர்கள்?
நிறைய என்றால் பூஜ்யம்.
ஒருவரும் இல்லையென்றால் ஆறு.

இருந்தார்கள், என்கிறாள் அம்மா.
எண் வேண்டும், என்கிறார் ஹில்கா.
அதட்டலாக இல்லை.

நான் சொல்கிறேன்: ஒருவன். ஓன்னி.
காகித ஆலைக் குடியிருப்பில் எதிர்க் கதவு.
உறைந்த கடலில் துளையிட்டு
மீன் கடிக்கும்வரை இருவரும்
வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.
பேசாத சிநேகிதத்துக்கு என்ன எண்
என்று அந்தத் தாளில் இல்லை.

ஓன்னியின் குடும்பம் தெற்கே போனது.
தூரே பனித்திருகைத் துடைத்து, எண்ணெய் போட்டு,
கட்டிலுக்கடியில் வைத்தான்.
அதற்கும் கட்டமில்லை.

படிப்பு.
பதின்மூன்றில் கணக்குக்குப் பத்துக்கு ஒன்பது,
பதினைந்தில் ஐந்து.
"கெட்டிக்காரன். ஜன்னலோடு குடும்பம் நடத்துகிறான்"
என்று எழுதியனுப்பினார் ஆசிரியர்.
அப்பா அதை உரக்கப் படித்துச் சிரித்தார்.
எல்லோரும் சிரித்தோம்,
தூரேயும், கொஞ்சம் தாமதமாக.

அந்தக் குளிர்காலம்தான்
சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதை விட்டான்.
மைனஸ் இருபத்திமூன்றில்
சைக்கிள் கொட்டகையில் நின்றபடி ரொட்டி.
ஏன்டா என்றால்
அங்கே கரண்டிகள் ரொம்பப் பேசுகின்றன என்றான்.
கரண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்றேன்
பத்தொன்பது வயது மேதை, நான்.

குரல்கள் வந்தது மூன்று வருடம் கழித்து,
ராணுவப் பயிற்சியின் எட்டாம் வாரம்.
இப்போது திரும்பிப் பார்த்தால்
ஒவ்வொரு பள்ளிப் புகைப்படத்திலும்
அவன் ஓரமாகவே நிற்கிறான்.
உயரமான பையன்களை
ஓரத்தில்தான் நிறுத்துவார்கள்
என்பதையும் யாராவது எழுதிக்கொள்ளுங்கள்.

ஹில்கா காபி எடுக்கப் போன நேரம்
வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து
என் பிள்ளைப்பருவத்தை நிரப்பினேன்.
நண்பர்கள்: ஆறு. பிறந்தநாளுக்கு வந்தவர் யாருமில்லை.
பள்ளி: ஐந்து. வயிற்றுவலி, வயிற்றுவலி, வயிற்றுவலி.
கூட்டினால்
அவனைவிட ஏழு அதிகம்.
எனக்கு எதுவும் வரவில்லை.
வரி அலுவலகத்தில் வேலை, ஒரு நாய்,
வெள்ளிக்கிழமைகளில் நீச்சல்.

வெளியே நடைபாதையில்
தொப்பியை மடியில் வைத்துக் காத்திருந்த தூரே கேட்டான்:
"எத்தனை வாங்கினேன்?"

அம்மா குனிந்து
அவன் கோட்டின் மேல் பித்தானைப் போட்டாள்.
ஏற்கெனவே போட்டிருந்த பித்தானை
அவிழ்த்து, மறுபடி போட்டாள்.